பெடல் மெத்துன்னு போச்சா, கல்லு மாதிரி நின்னுச்சா?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்)



ஆண்டு மலருக்கு டெக்னிக்கலாக ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். பிரேக்கைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "திண்டுக்கல்காரன் பூட்டைப் பத்தி எழுதுவான்னு பார்த்தா, பிரேக்கா?" என்று சிரித்தார். பூட்டு நம் ஊருக்குப் பெருமைதான். ஆனால் ஓடுகிற காரில் வீல் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதும் இந்தக் கட்டுரையில் வருகிறது. ஆகவே நான் ஊரை விட்டுக் கொடுத்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

ரேஸ் டிராக்கில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு பிரேக் பேடையும் காலிப்பரையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் விஷயம். "நம்மில் எவன்டா ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கான்? சைக்கிளுக்கே பிரேக் கட்டை மாத்தலை" என்று பின் பெஞ்சில் ஒரு குரல் எழுவது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். இதை நான் படித்தது ஸ்போர்ட்ஸ் காருக்காக அல்ல. என் அப்பாவுக்காக.

அப்பா மினி லாரி டிரைவராக இருந்தார். கொடைக்கானல் மேல்மலையிலிருந்து கேரட், உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் வருவார். நான் எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் ராத்திரி, பாதி மலை இறங்கியதும் ஒரு கடையோரம் வண்டியை நிறுத்தி டீ குடித்திருக்கிறார். கிளம்பிய பிறகு வந்த முதல் வளைவில் பிரேக்கை மிதித்தால் பெடல் மெத்தென்று அடி வரை போய்விட்டது. கியரைக் குறைத்து, மலைப் பக்கத்து ஓடையில் வீலை இறக்கி, பாறையில் உரசி நிறுத்தினார். பள்ளத்துப் பக்கம் திருப்பியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் பாலிடெக்னிக் வாசலையே மிதித்திருக்க மாட்டேன்.

மறுநாள் காலை வண்டி முதலாளி மெக்கானிக்கோடு வந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பெடல் கிண்ணென்று நின்றது. ஆயில் ஒழுகல் இல்லை, ஹோஸ் வெடிக்கவில்லை. "டீக்கடையில நிறுத்தும்போது பிடிச்ச பிரேக், அடுத்த வளைவுல எப்படிய்யா பிடிக்காமப் போகும்? நீ கண் அசந்துட்டே" என்றார். சம்பளத்தில் பிடித்தார்கள், பிறகு வேலையும் போனது. "நான் தூங்கலைடா தம்பி" என்று அப்பா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். நானும் "சரிப்பா" என்பேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கே முழு நம்பிக்கை இல்லை. காலையில் நன்றாக இருக்கும் பிரேக் ராத்திரி எப்படி இல்லாமல் போகும்?

விடை கிடைத்தது கோவையில். நாலாவது செமஸ்டர் முடிந்து இன்-பிளான்ட் டிரெயினிங்குக்காக ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். சர்வீஸ் வேலையோடு, டிராக்கில் ஓட்ட ஆசைப்படுபவர்களின் கார்களையும் அங்கே தயார் செய்து கொடுப்பார்கள். செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறதல்லவா, சுமார் 2.1 கிலோமீட்டர் சுற்று, அங்கே ஒரு நாள் டயர் தூக்க, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க என்னையும் கூட்டிப் போனார்கள். கோவைக்காரரான எஸ். கரிவர்தன் நினைவாக அந்த டிராக்குக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மாருதி 800 எஞ்சினை வைத்து 1980-களின் கடைசியில் ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கியவர் அவர். 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்தார். அதற்கும் முன்னால் சென்னைப் பக்கம் சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில்தான் ரேஸ் நடக்கும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தது. 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். ஆக, ரேஸ் கார் என்பது நமக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டுச் சமாச்சாரம் இல்லை.

அன்று ஒரு வாடிக்கையாளர் தன் காரில் ஆறேழு சுற்று வேகமாக ஓட்டிவிட்டு முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். "பிரேக்கே இல்லீங்க! நாலு பிஸ்டன் காலிப்பர் மாட்டிடலாம், சிவப்புக் கலர்ல வருதே, அது" என்றார். எங்கள் மேஸ்திரி பதறவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பெடல் மெத்துன்னு உள்ள போச்சுங்களா, இல்ல கல்லு மாதிரி நின்னும் வண்டி நிக்கலீங்களா?"

"மெத்துன்னு போச்சு."

"அப்ப காலிப்பர் இல்லீங்க. ஆயில் கொதிச்சிருக்குது. அரை மணி நேரம் ஆறட்டும், மறுபடி மிதிச்சுப் பாருங்க, நல்லா இருக்கும்."

அரை மணி கழித்து மிதித்தால் பெடல் கிண்ணென்று நின்றது. எனக்குக் கையில் இருந்த ஸ்பேனர் நழுவியது. ராத்திரி இல்லாத பிரேக் காலையில் வந்த கதை என் கண் முன்னாலேயே நடந்துவிட்டது.

பிரேக் செய்வது நிறுத்துவது அல்ல, சுடுவது

ஓடுகிற வண்டியின் சக்தியை பிரேக் அழித்துவிடுவதில்லை. வெப்பமாக மாற்றுகிறது, அவ்வளவுதான். முதல் வருஷ பிசிக்ஸில் வந்த அரை எம் வி ஸ்கொயரை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 கிலோ எடையுள்ள கார், 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்குக் குறைகிறது. வெளியே வரும் சக்தி ஏறத்தாழ 617 கிலோ ஜூல். நல்ல டயர் இருந்தால் இது இரண்டரை வினாடியில் முடிந்துவிடும். கணக்குப் போட்டால் சுமார் 245 கிலோவாட், அதாவது 330 குதிரைத் திறன்! எஞ்சின் 80 குதிரைதான் தரும்; பிரேக் அதைப்போல நாலு மடங்கு வேலை செய்கிறது. எஞ்சினுக்கு ரேடியேட்டர், ஃபேன், கூலன்ட் எல்லாம் கொடுத்திருக்கிறோம். பிரேக்குக்கு வெறும் காற்று.

பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் வேலையில் சுமார் 70 சதவீதம் முன் வீல்களுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 5 கிலோ வார்ப்பிரும்பு. ஒரு கிலோ வார்ப்பிரும்பை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் அரை கிலோ ஜூல் வேண்டும். அப்படியானால் ஒரே மிதியில் டிஸ்க் 86 டிகிரி ஏறுகிறது. ஒரு சுற்றில் நாலு முறை இப்படி மிதித்தால்? இடையில் காற்றில் கொஞ்சம் ஆறும். ஆனால் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். டிஸ்க் 400, 500 டிகிரிக்குப் போவது டிராக்கில் சர்வ சாதாரணம்.

மலைக்கும் இதே கணக்குத்தான். கொடைக்கானலுக்கும் வத்தலக்குண்டுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1800 மீட்டர். லோடோடு 5 டன் எடையுள்ள மினி லாரி இறங்கினால் வெளியாகும் சக்தி 88 மெகா ஜூல். நம் ஊர்த் தண்ணீர் 300 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோய்விடலாம். இதில் எவ்வளவை எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளும், எவ்வளவு டிரம்மில் ஏறும் என்பது டிரைவர் எந்த கியரில் இறங்குகிறார் என்பதைப் பொறுத்தது. ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

முதலில் ஆயில்

பேடையும் காலிப்பரையும் பற்றிச் சொல்வதாகத் தொடங்கிவிட்டு ஆயிலுக்குப் போகிறானே என்று நினைக்காதீர்கள். மேஸ்திரி சொல்லிக் கொடுத்த வரிசை இது.

நாம் பிரேக் ஆயில் என்று சொன்னாலும் அது ஆயில் இல்லை. கிளைக்கால் வகை திரவம். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே விதி 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு 230, ஈரமானால் 155. டாட் 5.1-க்கு 260, ஈரமானால் 180. (டாட் 5 என்பது சிலிக்கான் வகை, வேறு ஜாதி. மற்றவற்றோடு கலக்கவே கூடாது.) மூடி திறந்தபடி ஷெல்ஃபில் கிடக்கும் அரை பாட்டில் ஆயிலை நம்மில் எத்தனை பேர் வண்டியில் ஊற்றியிருக்கிறோம்!

திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். வீல் பக்கத்தில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் வந்துவிட்டால், நம் கால் அழுத்தமெல்லாம் குமிழை நசுக்குவதற்கே போய்விடும். பெடல் மெத்தென்று இறங்கும். ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், தடயமே இருக்காது.

அப்புறம் அந்த டீக்கடை. ஓடும்போது டிரம்மிலும் டிஸ்க்கிலும் காற்று படுகிறது. நிறுத்தியவுடன் காற்று நின்றுவிடும். இரும்பில் இருக்கும் சூடு மெதுவாக லைனிங் வழியாக, பிஸ்டன் வழியாக ஆயிலுக்கு ஏறும். நிறுத்தும்வரை கொதிக்காத ஆயில், நிறுத்திய பத்தாவது நிமிஷம் கொதிக்கும். டிராக்கில் கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி, காற்றில் ஆறவிட்ட பிறகுதான் வண்டியை உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது இதற்காகவே. வேகமாக ஓட்டிவிட்டு அப்படியே வந்து நிறுத்தியவர்களின் பெடல், மறுபடி கிளம்பும்போதுதான் கைவிடும். முதலாளி அப்பாவிடம் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். டீக்கடையில் நிறுத்தும்போது பிடித்தது, நிறுத்தியதால்தான் போனது.

பிறகு பேட்

பெடல் கல் மாதிரி நிற்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் அது பேடின் குற்றம். பேடில் இழை, உலோகத் தூள், கிராஃபைட் எல்லாவற்றையும் பிணைத்து வைத்திருப்பது ரெசின் என்ற பசை. வீட்டுக் கார்களுக்கான ஆர்கானிக் பேடில் 300, 350 டிகிரி தாண்டும்போது அந்தப் பசை சிதையத் தொடங்கும், உராய்வு சரியும். இதற்குத்தான் பிரேக் ஃபேட் என்று பெயர்.

பேடின் ஓரத்தில் கம்பெனி நம்பரோடு இரண்டு ஆங்கில எழுத்து அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எழுத்து சாதாரண நிலை உராய்வு எண், இரண்டாவது சூடான நிலை. ஈ என்றால் 0.25-லிருந்து 0.35, எஃப் என்றால் 0.35-லிருந்து 0.45, ஜி என்றால் 0.45-லிருந்து 0.55. எஃப்.ஈ. என்று இருந்தால் சூட்டில் இறங்குகிற பேட் என்று அர்த்தம். ஆனால் அந்தச் சோதனையே சுமார் 350 டிகிரிக்குள் முடிந்துவிடுகிறது. டிராக் சூட்டில் என்ன ஆகும் என்று எழுத்து சொல்லாது. பேட் செய்தவர் கொடுக்கும் உராய்வு–வெப்ப வளைகோட்டைத்தான் பார்க்க வேண்டும். நம் டிஸ்க் எந்தச் சூட்டுக்குப் போகிறதோ அந்த இடத்தில் கோடு தட்டையாக இருக்க வேண்டும். டிஸ்க் எவ்வளவு சூடாகிறது என்று அறிய, சூட்டுக்கு நிறம் மாறும் பெயின்ட்டை டிஸ்க் விளிம்பில் பூசிப் பார்ப்பார்கள். எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் அதையே செய்தோம்.

அப்படியானால் இருப்பதிலேயே காரமான ரேஸ் பேடை மாட்டிவிடலாமா? கூடாது. சுத்தமான ரேஸ் பேட் குளிராக இருக்கும்போது சரியாகப் பிடிக்காது. திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் போகும் வழியில் ஒரு ஆடு குறுக்கே வந்தால், முதல் மிதியில் வண்டி நிற்க வேண்டுமே! கீச்சென்று கத்தும், டிஸ்க்கையும் தின்னும். ரோட்டிலும் டிராக்கிலும் ஓடும் காருக்கு நடுத்தரமான பேட், அல்லது டிராக்குக்கு ஒரு செட், வீட்டுக்கு ஒரு செட். இரண்டாவதுதான் உசிதம் என்பது என் எண்ணம், செலவானாலும். புதுப் பேடைப் படிய வைக்காமல் ஓட்டவும் கூடாது. 80-லிருந்து 20-க்கு எட்டுப் பத்து முறை, வர வர அழுத்தம் கூட்டி, முழுசாக நிறுத்தாமல் அடித்துவிட்டு, பிறகு ஓட்டியே ஆறவிட வேண்டும். பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் ஒரு மெல்லிய படலமாக ஒட்டினால்தான் சீராகப் பிடிக்கும்.

பேட், லைனிங் செய்வதில் தமிழ்நாடு சின்ன இடமில்லை. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-லிருந்தும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-லிருந்தும் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தார்கள். நுரையீரலைக் கெடுக்கும் பொருள். டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதுவது, ஏர் அடிப்பது எல்லாம் வேண்டாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

கடைசியில் காலிப்பர்

நம் வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் "நாலு பிஸ்டன்னா நாலு மடங்கு பிடிக்கும்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மேஸ்திரி ஒரு சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட்டார்.

சாதாரணக் காரில் இருப்பது ஸ்லைடிங் காலிப்பர். ஒரு பக்கம் மட்டும் ஒரு பிஸ்டன். அது உள் பேடைத் தள்ளும். எதிர்விசையில் காலிப்பர் உடம்பு பின்னால் நகர்ந்து வெளிப் பேடை இழுத்து அமுக்கும். பிஸ்டன் விட்டம் 54 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 22.9 சதுர சென்டிமீட்டர். இப்போது பக்கத்துக்கு இரண்டாக 38 மில்லிமீட்டர் பிஸ்டன் நாலு உள்ள ஃபிக்ஸட் காலிப்பரை எடுங்கள். இதில் ஒரு பக்கத்தை மட்டும்தான் கணக்கில் சேர்க்க வேண்டும், எதிர்ப்பக்கம் வெறும் பதில் விசை. ஒரு பக்கப் பரப்பு 22.7. அதே ஆயில் அழுத்தத்துக்கு இரண்டும் ஒரே பிடிதான்!

பின்னே எதற்கு அவ்வளவு காசு? உடம்பு விறைப்பாக இருப்பதால் பெடல் உறுதியாக இருக்கும். பேட் பெரிதாக இருக்கும், நீளவாக்கில் சமமாக அமுங்கும், ஒரு பக்கமாகச் சாய்வாகத் தேயாது. நாள் முழுக்க டிராக்கில் ஓட்டுபவருக்கு அது பெரிய லாபம். ஆனால் சூடு பிரச்சினைக்கு மருந்து அது இல்லை.

பிஸ்டனும் பெரிசாக இருக்கட்டுமே என்று வாங்கினால் வேறு தொல்லை. பரப்பு கூடினால் அதைத் தள்ள ஆயிலும் கூட வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரே இருந்தால் பெடல் ஆழமாகப் போகும். மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக்கினால் கால் அழுத்தம் கூட வேண்டும். அதோடு முன் வீல் பிடி கூடிவிட்டதால், பின் பிரேக் வேலை செய்யும் முன்பே முன் வீல் பூட்டிக்கொள்ளும். பூட்டிய வீல் வழுக்கும், ஸ்டியரிங் கேட்காது. ஏ.பி.எஸ். இருந்தால் பூட்ட விடாது. ஆனால் நிறுத்தும் தூரம் ஒன்றும் குறையாது. பிரேக் முறுக்கு விசை என்பது இரண்டு பெருக்கல் உராய்வு எண், பெருக்கல் காலிப்பர் பிடி, பெருக்கல் டிஸ்க்கின் பயன் ஆரம். இந்த மூன்றில் எதைக் கூட்டினாலும், டயர் ரோட்டைப் பிடிக்கிற பிடிக்கு மேல் போக முடியாது. "வீலைப் பூட்டுற அளவுக்கு பிரேக் ஏற்கெனவே இருக்குதுங்களா? இருந்தா காலிப்பர் பத்தாதுன்னு சொல்லாதீங்க. சூடு தாங்கலைன்னு சொல்லுங்க" என்றார் மேஸ்திரி.

சூட்டுக்கு மருந்து டிஸ்க்கில் இருக்கிறது. கனமான டிஸ்க், நடுவில் காற்றோட்டப் பள்ளம் உள்ளது, அதன் மையத்துக்கு முன் பம்பரிலிருந்து ஒரு காற்றுக் குழாய். ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. ஆனால் டிராக் சூட்டில் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பும். கோடு வெட்டியது பரவாயில்லை. டிஸ்க் பிரேக் பிறந்த காரணமே காற்றுதானே. 1953-ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேர ரேஸில் டன்லப் டிஸ்க் பிரேக் மாட்டிய ஜாகுவார் ஜெயித்த பிறகுதான், மூடிய டிரம்முக்குள் சூட்டை அடைத்து வைப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று எல்லோரும் கண் திறந்தார்கள்.

அந்த வாடிக்கையாளர் காருக்குக் கடைசியில் என்ன செய்தோம்? பழைய ஆயிலை முழுசாக வடித்தோம். கறுத்துப்போய் காபி டிகாக்‌ஷன் மாதிரி வந்தது. புது டாட் 4 ஊற்றி நாலு வீலிலும் ஏர் எடுத்தோம். டிராக்குக்கான முன் பேட், இரண்டு காற்றுக் குழாய், காலிப்பர் ஸ்லைடு பின்களுக்குப் புதுக் கிரீஸ். காலிப்பர் அதே பழையதுதான். அடுத்த முறை இருபது நிமிஷம் விடாமல் ஓட்டினார், பெடல் அசையவில்லை. ஆனாலும் சிவப்புக் காலிப்பர் ஆசை அவரை விடவில்லை. மேஸ்திரி சூடு தாங்கும் சிவப்புப் பெயின்ட் ஒரு டப்பா வாங்கி வரச் சொன்னார். பிரஷ் பிடித்துப் பூசியது அடியேன்தான்!

டிரெயினிங் முடிந்து ஊருக்கு வந்த அன்று ராத்திரி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டில் படம் போட்டு, டிரம், வீல் சிலிண்டர், ஆவிக் குமிழ் எல்லாம் காட்டினேன். அப்பா ஐந்தாவது வரைதான் படித்தவர். குமிழைக் கொஞ்ச நேரம் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அந்த வண்டியில ஆயில் எப்பப்பா மாத்துனது?" என்று கேட்டேன்.

"நான் ஓட்டுன நாலு வருஷமும் மாத்தலை. குறைஞ்சா ஊத்துவோம்."

"டீ குடிக்க எம்புட்டு நேரம் நின்னீங்க?"

"பத்து நிமிஷம் இருக்கும். பீடி ஒண்ணு பிடிச்சேன்."

பிறகு, "அது எத்தனை டிகிரின்னு சொன்னே, 140-ஆ? ஒரு பேப்பர்ல எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். இப்போது அப்பா ஓட்டுவது ஒரு அரிசி மண்டியின் லோடு ஆட்டோ, மலைப் பக்கமே போவதில்லை. அந்தப் பேப்பர் அவருடைய லைசென்ஸ் கவருக்குள் இருக்கிறது.